காலில் பிறந்தவள்

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரம் வரைக்கும் சிந்துஜாவின் வலது காலுக்கு நல்ல பேர். எல்லோரையும் போலத் தலையை நீட்டாமல் காலை நீட்டிக்கொண்டு பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு ஓடிப்போகும் என்று குப்பம் முழுக்க நம்பிக்கை. வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், மீன்கூடை சுமந்து தோள் பிசகியவர்கள் எல்லாம் அவள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்திலும் ஷூவைக் கழற்றிப்போட்டு மூன்று மிதி மிதித்துவிட்டு ஓடுவாள். நம்புகிறாயா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கூடப் படிக்கிற அபியின் அம்மா வரலட்சுமி வந்து கூப்பிட்டபோது மட்டும் அவளுக்குக் கால் எழவில்லை.

"சிந்து, சீக்கிரம் வாடி. அபிக்குக் கழுத்து புடிச்சிக்கினு திரும்பவே மாட்டேங்குது. தலவாணி சரியில்லாம படுத்துட்டாளாம். வந்து மிதிச்சி வுடு, புண்ணியமாப் போவும்."

தலையணையாம்! பதினாறு வயதில் எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது பாருங்கள். அதை நம்புவதற்குப் பெற்றவளும் தயாராக இருக்கிறாள்.

நடந்தது இதுதான். டவுனில் ஒரு கிரிக்கெட் போட்டி. சிக்ஸர் பறக்கும்போதெல்லாம் மைதானத்து ஓரத்தில் ஆடிக் குதிக்க அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சியர் டீம் தயாராகியிருந்தது. சிந்துஜாவும் பூர்ணிமாவும் கீழே நின்று தூக்குகிறவர்கள். அவர்கள் தோள்மேல் ஏறி நின்று, கையை விரித்துப் பின்பக்கமாகச் சாய்ந்து அவர்கள் கைகளில் விழுகிறவள் அபி. ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டம். "மெத்தை இல்லாத எடத்துல, நான் இல்லாத நேரத்துல எவளாவது ஏறினா, மூணு பேருமே டீம்ல கிடையாது" என்று டீமைப் பழக்குகிற செம்மல் மாஸ்டர் பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார். இன்னொரு கட்டளையும் உண்டு. கீழே நிற்கிற இரண்டு பேரும் "புடிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் மேலே இருப்பவள் அசைய வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போனார்கள். மெத்தைக்குப் பதில் வலைக்குவியல் இருந்தது. படகின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு அபி ஏறினாள். தன் முகம் படத்தில் விழுகிறதா என்று சிந்துஜா போனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் "புடிச்சாச்சு" என்றாள். கை இன்னும் பிடித்திருக்கவில்லை. அபி அந்தச் சொல்லை நம்பிச் சாய்ந்தாள். வலைக்கு இந்தப் பக்கம், ஈர மணலில், தலை முதலில் போய் இறங்கியது.

எழுந்துவிட்டாள். அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. ஒரு கை விரல்கள் மட்டும் மரமரப்பாக இருக்கிறது என்றாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். போகும்போது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேரிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது வரலட்சுமிக்குப் பின்னால் நடக்கையில் போன் அதிர்ந்தது. பூர்ணிமா. "வாயத் தொறக்காத. நாளைக்கு ஒரு நாள்தான்."

அபி பாயில் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம் சுடச்சுட இருந்தது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றிருந்தது. கண் மட்டும் உருண்டு சிந்துஜாவைத் தேடியது.

"வந்துட்டியா? மிதிடி. நீ மிதிச்சாச் சரியாப் போயிடும். நாளைக்கு நான் ஏறணும்."

"கை எப்படி இருக்குது?"

"விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. நேத்து ஒரு கைதான். இப்ப ரெண்டும்."

சிந்துஜாவுக்கு இரண்டு மனம். சத்தியம் பண்ணியிருக்கிறோம் என்று ஒரு மனம். இதுவரை எத்தனை பேருக்குச் சரியாகியிருக்கிறது, இவளுக்கும் ஆகிவிடாதா என்று இன்னொரு மனம். சாமி, ஆகிவிடட்டும், ஆகிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம்! அவள் பேராசைப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். வரலட்சுமி அவள் பாதத்தில் எண்ணெய் தடவினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிந்துஜா காலைத் தூக்கினாள். கட்டை விரல் பிடரியில் பட்டது. உள்ளே என்னவோ மேடாகத் தட்டுப்பட்டது.

அபி கத்தவில்லை. "ம்மா" என்று காற்றாக ஒரு சத்தம் வந்தது.

சிந்துஜா காலை இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தலவாணி இல்ல அத்த. வுழுந்துட்டா. எங்க தோளு மேல நின்னுக்கினு இருந்தா, அங்கேருந்து தலகீழா வுழுந்தா. நான்தான் புடிக்காம வுட்டேன். புடிச்சாச்சுன்னு சொல்லிட்டுப் புடிக்காம வுட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம் அத்த, கழுத்தத் தொடாதீங்க."

வரலட்சுமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "டான்ஸுன்னுதானடி சொன்னீங்க? தோளு மேல இன்னாத்துக்கு ஏறினா?" என்று கேட்டாள். விளங்கியதும் எண்ணெய்க் கையாலேயே சிந்துஜாவை அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சிந்துஜா முகத்தை மறைக்கவில்லை. அடி விழ விழ மனசு கொஞ்சம் லேசானது என்றுகூடச் சொல்லலாம்.

அபிதான் அழுதாள். "சத்தியம் பண்ணியேடி! என்ன டீம்லேருந்து தூக்கிடுவாங்கடி! உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன், போ!"

நூற்றெட்டு வண்டி வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. வந்த ஆள் அபியின் கழுத்துக்குப் பட்டை மாட்டிக்கொண்டே, "நடந்தாளா? யாராவது நீவி கீவி விட்டீங்களா?" என்று கேட்டான். வரலட்சுமி சிந்துஜாவின் காலைப் பார்த்தாள். சிந்துஜா எண்ணெய்ப் பாதத்தைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பட்டுச்சு. அழுத்தல" என்றாள். அழுத்தவில்லை என்பது நிஜம்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இனி எந்நாளும் நிச்சயப்படப் போவதுமில்லை.

வண்டியில் ஏறும்போது வரலட்சுமி அவளை வேண்டாம் என்று தள்ளினாள். அவள் இறங்கவில்லை. அரியாங்குப்பம் தாண்டுகிற வரைக்கும் சைரன்தான் அலறியது. அபி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது, துடைக்கக் கை வரவில்லை.

"சிந்து."

"இங்கதான் இருக்கேன்."

"கோவம்லாம் இல்லடி. எறும்பு ஊர்றது நின்னுடுச்சி. அது நல்லதுதான?"

சிந்துஜா, பட்டை மாட்டிய ஆளின் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பயமா இருக்குது. என் கையக் கொஞ்சம் புடிச்சிக்கோடி."

சிந்துஜா குனிந்து பார்த்தாள். வண்டி கிளம்பியதிலிருந்தே அபியின் கை அவளுடைய இரண்டு கைகளுக்குள்தான் இருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"புடிச்சாச்சு" என்றாள்.