மதுக்கடவுளின் பிடரி

ரோசலிண்ட் ஹெம்ப்ரோ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். சாமர்செட்டில் அவளுடைய கீழ்வயலில் வடிகால் வெட்டியபோது ரோமானியர் காலத்துக் கற்சிலை ஒன்று கிடைத்தது. கையில் கிண்ணம், இடுப்பில் திராட்சைக் கொடி; மதுவின் கடவுள். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆய்வாளர்கள் வயல் வயலாகத் தலையைத் தேடினார்கள். "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்க. தலை என் தோப்புல இருக்கு" என்றாள் அவள்.

தோப்பின் மூத்த ஆப்பிள் மரத்தடியில் ஓர் உருண்டைக் கல் பாதி புதைந்து கிடந்தது; அவள் தலை என்றது அதைத்தான். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊரே கூடி மரத்துக்கு வாழ்த்துப் பாடி, வாட்டிய ரொட்டியைக் கிளையில் செருகி, ஆப்பிள் மதுவான சைடரை அந்தக் கல்லின்மேல்தான் ஊற்றும். கல்லை நகர்த்தினால் ஊரில் ஒரு மரமும் காய்க்காது என்று பேச்சு.

தலை கிடைக்காவிட்டால் சிலை நகரத்து அருங்காட்சியகத்தின் நிலவறைக்குப் போய்விடும். கிடைத்தால் ஊர் மண்டபத்திலேயே வைக்கலாம் என்று ஆய்வாளர் இமோஜென் சம்மதம் வாங்கியிருந்தாள். தன் மண்ணில் படுத்திருந்தவனை இருட்டுக்கு அனுப்ப ரோசலிண்டுக்கு மனமில்லை.

வாழ்த்துப் பாடும் நாளின் பிற்பகலில் கடப்பாரையோடு மரத்தடிக்குப் போனாள். இமோஜென் முன்பே வந்து காத்திருந்தாள். பக்கத்துத் தோப்புக்காரர் கிளைவ் டட்பால் சைடர் ஜாடியோடு ஓடி வந்தார், தடுப்பதற்கு.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி ரோஸ். என் மரம் காய்க்கலன்னா உன் வாசல்ல வந்து உக்காந்துருவேன்."

"உக்காரு, டீ போட்டுத் தரேன். இப்ப அந்தப் பக்கம் பிடி."

திட்டிக்கொண்டே பிடித்தார்.

மண் விலகியதும் இமோஜென் கல்லைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. "இது சுண்ணாம்புக் கல்லு, ரோசலிண்ட். புளிப்பு பட்டா கரைஞ்சிடும். தலைமுறை தலைமுறையா ஊத்தி வழவழன்னு ஆக்கிட்டீங்க. மூக்கு, கண்ணு ஒண்ணுமே இல்ல."

"சாமிக்கே ஊத்திக் கொடுத்துக் கரைச்ச ஊரு நம்ம ஊருதான்" என்றார் கிளைவ். ரோசலிண்ட் கடப்பாரையைக் கல்லின் அடியில் செருகினாள்.

"புரட்டுங்க" என்றாள்.

"அடியில என்ன இருக்கப்போகுது?"

"ஊத்துனது மேல. யாரும் பாக்காதது கீழ. புரட்டுங்கன்னா!"

புரட்டினார்கள். ஈரமண்ணை இமோஜென் தூரிகையால் தள்ளத் தள்ள, சுருள்முடியும் காதோரத் திராட்சைக் குலையும் தெரிந்தன. பிறகு முழு முகம், குறும்புச் சிரிப்போடு. தூக்கிப் போய், ரோசலிண்டின் கொட்டகையில் கிடந்த உடலின் கழுத்தில் வைத்தபோது முறிவோடு முறிவு அப்படியே பொருந்தியது.

"நிலவறை இல்ல" என்றாள் இமோஜென்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள் ரோசலிண்ட். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

கிளைவ் தொப்பியைக் கழற்றினார். "அடப்பாவமே! இத்தனை காலமும் பிடரியிலதான் ஊத்தியிருக்கோம். இவன் வாய்க்கு ஒரு சொட்டுகூடப் போகல."

மூவரும் ஜாடியைப் பார்த்தார்கள்.

"இனிமே இது மேல ஒரு துளி படக்கூடாது" என்று இமோஜென் கண்டிப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கொட்டகை வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். "மழை வரும்போல இருக்கு. நான் கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்துட்டு இருப்பேன்."

ரோசலிண்ட் ஜாடியில் விரலைத் தோய்த்து அவன் கீழுதட்டில் வைத்தாள்.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோ" என்றாள்.