மன்னிப்பு ஞாயிறன்று இறக்கிய கூடை

1

எங்கள் குன்றைப் பற்றி இங்கே ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்கள்: கிரேக்கர்கள் வந்து கோட்டையை வளைத்தார்கள், முடியாமல் திரும்பிப் போனார்கள். ஏன் முடியவில்லை என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி உருகிய ஸ்ட்ருமா ஆற்றின் கரை நெடுகக் கிரேக்கப் பேரரசின் கூடாரங்கள்..."

வேண்டாம். கூடாரங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது: "வெலிகாவிடம் ஒரு பாலாடைக்கட்டி மிச்சமிருந்தது." இது போதும்.

2

வெலிகா இருந்த கோட்டைக்குள் மாவு தீர்ந்துவிட்டது; அவளிடம் இருந்த அந்தப் பாலாடைக்கட்டிதான் கடைசி உணவு. வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தால் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பார்கள்; கோட்டை விழும். அவர்களுக்கும் பசிதான். கிளம்பிவிடலாமா என்ற பேச்சு அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மன்னிப்பு ஞாயிறு. மறுநாள் பெரிய நோன்பு தொடங்குகிறது. பாலும் முட்டையும் அன்றோடு சரி. பொழுது சாய்வதற்குள் இளையவர் மூத்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்பார். மூத்தவர் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்லி, ஏதாவது தின்னக் கொடுப்பார். வந்தவர் மட்டுமே அதைத் தின்ன வேண்டும். போர் நடந்தாலும் இதை யாரும் தடுப்பதில்லை. இரண்டு பக்கமும் கும்பிடுவது ஒரே சிலுவையை.

மதிலடியில் வந்து நின்றவன் ராதோய், வெலிகாவின் தம்பி. போன கோடையில் கிரேக்கர்கள் பக்கம் போனவன். ஆற்றை எங்கே கடக்கலாம் என்று அவர்களுக்குக் காட்டியவன். அந்த இடத்தில்தான் வெலிகாவின் கணவன் செத்தான்.

(எனக்கும் இவன்மேல் நம்பிக்கை இல்லை. முதல் வரைவில் இவனை வேவு பார்க்கத்தான் அனுப்பினேன்.)

3

காவல் தலைவன் வோல்கன், பாலாடைக்கட்டியை முழுசாகக் கூடையில் வைத்து இறக்கச் சொன்னான். உள்ளே எல்லோருக்கும் வயிறு நிறைகிறது என்று கிரேக்கர்கள் நினைக்கட்டும்.

[இங்கே நிறுத்துகிறேன். கடைசி உணவை வெளியே அனுப்பி எதிரியை ஏமாற்றிய கோட்டை எல்லா நாட்டிலும் ஒன்று உண்டு. அந்தத் தந்திரம் பலித்தால் இது வோல்கனின் கதை.]

வெலிகா அதை அறுத்து, மகளுக்கும் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கும் கொடுத்துவிட்டாள். பிறகு வெறும் கூடைமேல் துணியைப் போர்த்தி இறக்கினாள். கட்டி உள்ளே இருக்கிறது என்று நினைத்து, வோல்கன் துணியைப் பார்த்துத் தலையசைத்தான்.

தம்பி காட்டிக்கொடுப்பான் என்று அவள் பயந்தாளா, அல்லது அவன்மேல்...

தெரியவில்லை. அவளிடம் கொடுக்க எதுவும் இல்லை. வழக்கப்படி எதையாவது இறக்கியாக வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

4

"அக்கா, என்னை மன்னிச்சிரு."

மேலிருந்து கூடை மட்டும் இறங்கி வந்தது. ராதோய்க்குச் சற்றுப் பின்னால் அவனுடைய கிரேக்கத் தலைவன் நின்றிருந்தான்.

ராதோய் துணியின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டான். கை கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தது. பிறகு வாய்க்குப் போனது. மென்றான். நிதானமாக மென்று விழுங்கினான்.

தலைவன் எச்சிலைக் கூட்டி விழுங்கினான். "எனக்கும் ஒரு துண்டு குடுடா."

"இது மன்னிப்புத் தீனிங்க," என்று ராதோய் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "பங்கு போட்டா என் பாவம் உங்களுக்கும் ஒட்டிக்கும்."

பிறகு மேலே பார்த்துச் சொன்னான்:

"உப்பு கொஞ்சம் தூக்கல், அக்கா. உனக்கு எப்பவும் கை நிக்காது."

மதில்மேல் யாரோ சிரித்தார்கள். துரோகிக்கே இப்படிப் படியளக்கிறார்களே என்று முணுமுணுத்தபடி தலைவன் முகாமுக்கு நடந்தான்.

5

மறுநாள் கூடாரங்களைப் பிரித்தார்கள். அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் ராதோய் இன்னும் மதிலடியில் நிற்கிறான். ஒரு முடிவில் அவள் "கடவுள் மன்னிப்பார்" என்று சொல்கிறாள். எழுதிப் பார்த்தேன், ஆற்றில் செத்துக் கிடந்த அவள் கணவன் என்னைப் பார்த்தான். இன்னொன்றில் கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அதில் மகள் கேட்கிறாள், கீழே வந்தது யார் என்று.

கணவன் சாகக் காரணமானவனும் மகளைக் காப்பாற்றியவனும் ஒரே ஆள். வெலிகாவின் வாயில் நான் எதையும் போடப் போவதில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால், பொழுது சாய்வதற்குள் போடுங்கள்.