பானட்டுக்குள் செம்பருத்தி வாசம்

என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரனின் சொந்தத்தில் பாதிப் பேர் லாரி வைத்திருப்பவர்கள், மீதிப் பேர் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள். இவர் ஒருவர்தான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர். அதனாலேயே எங்கள் காருக்கு எது வந்தாலும் மெக்கானிக்கிடம் போக மாட்டார். போனால் சங்ககிரிக்குத் தெரிந்துவிடுமாம். சங்ககிரி என்று அவர் சொல்வது ஊரை இல்லை, அங்கே லாரி ஆபீஸ் வைத்திருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்காரர் தீனதயாளன் அண்ணனை.

அந்தத் தங்கை அமுதவல்லியின் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஜேடர்பாளையத்துக் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனோ அஸ்தம்பட்டியில் எங்கள் வாசலில், புது வேட்டி சட்டையோடு, பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டு நின்றுகொண்டிருந்தார். சீர்த்தட்டெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது.

"பேட்டரி போச்சுங்களா?" என்றேன்.

"பேட்டரி இல்ல புள்ள. அதுக்குக் கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டர். குடுக்குதா இல்லயான்னு மீட்டர் சொல்லீரும்."

மீட்டர் ஆன்லைனில் வாங்கியது. அதைப் பேட்டரியில் வைத்தார். வண்டி ஓடாதபோது பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஓடும்போது பதினாலு வர வேண்டுமாம், பன்னிரண்டிலேயே படுத்திருந்தது. ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஆல்டர்னேட்டர் செத்துப்போச்சு" என்றார்.

"அப்ப டாக்ஸி கூப்புடலாங்க."

"டாக்ஸில போயி எறங்குனா உங்க சங்ககிரி அண்ணன் சும்மா இருப்பாரா? டிரைவரை அனுப்பட்டுங்களான்னு கேட்டாரு. என்ற வண்டிய எனக்குப் பாக்கத் தெரியும்னு சொல்லிப்போட்டேன்."

போன் அடித்தது. அமுதவல்லி. "அண்ணா, எங்க வாரீங்க? யமகண்டத்துக்கு முன்ன குத்தோணும். பையன் இப்பவே அழுவறான்."

"வந்துட்டே இருக்கோம் சாமி" என்றார், பானட்டுக்குள்ளிருந்து.

எனக்கு வந்த கோபத்தில் அந்த பானட்டை அவர் தலைமேலேயே மூடியிருப்பேன். கிட்டே போனேன். அப்போதுதான் வாசம் வந்தது. செம்பருத்தி, வெந்தயம், கரிசலாங்கண்ணி. நான் காய்ச்சும் தலை எண்ணெய்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வாரமாகவே என் எண்ணெய்ப் பாட்டில் குறைந்துகொண்டு வந்தது. அவருக்குப் பின்மண்டையில் வழுக்கை விழுந்திருக்கிறது. பாவம், மனுஷன் யாருக்கும் தெரியாமல் தேய்த்துக்கொள்கிறார் என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது. அவருக்காகச் செம்பருத்தியைக் கூடப் போட்டு இன்னொரு பாட்டில் காய்ச்சி வைத்தேன்.

"ஏனுங்க, எண்ணெயத் தலைக்குத்தான தேச்சீங்க?"

அவர் மீட்டரைப் பார்த்தார்.

"போன வாரம் பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்துச்சில்ல?"

"அதுக்கு?"

"கதவு கத்துனா எண்ணெய் உடறதில்லயா? உட்டேன். நின்னுபோச்சு. நீகூடச் சத்தமே இல்லீங்களேன்னு மெச்சுன. அதான் தெனமும் கொஞ்சம்..."

இன்ஜினைப் பிடித்துக்கொண்டு பெல்ட் சுற்ற வேண்டும், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆல்டர்னேட்டர் சுற்ற வேண்டும். இங்கே யாரும் யாரையும் பிடிக்கவில்லை. எல்லாரும் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆல்டர்னேட்டர் சாகவே இல்லை.

எண்ணெய் தேய்த்தால் அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சீயக்காயைக் கரைத்தேன். பெல்ட்டைப் பிடித்துத் தேய்த்தேன். நான் கையை எடுத்ததும் அவர் சாவியைக் கொஞ்சம் திருப்புவார், பெல்ட் கொஞ்சம் நகரும், அணைத்ததும் மறுபடி தேய்ப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் முதுகைக்கூட நான் அப்படித் தேய்த்ததில்லை. கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தேன்.

ஸ்டார்ட் செய்தார். கீச்சென்று ஒரு அலறல். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. சிவப்பு விளக்கு அணைந்தது, மீட்டர் பதினாலுக்கு ஏறியது.

"கத்துது புள்ள, கத்துது!" என்று குதித்தார்.

ஜேடர்பாளையம் வரைக்கும் கத்திக்கொண்டே போனோம். கோயில் வாசலில் நாங்கள் திரும்புவதற்கு முன்பே எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அமுதவல்லி ஓடிவந்து அண்ணனை இழுத்துப்போய் மணையில் உட்கார வைத்து, மடியில் பையனை வைத்தாள். தீனதயாளன் அண்ணன் மட்டும் சீர்த்தட்டைக்கூடப் பார்க்காமல் நேராக எங்கள் வண்டியிடம் போனார். பானட்டின் மேல் குனிந்து மோந்து பார்த்தார்.

"மச்சான், பெல்ட்டு கத்துதுங்களே. அதென்னங்க, செம்பருத்தி வாசம்?"

காது குத்த வந்த ஆசாரி கையிலிருந்த ஊசியைப் பையன் எப்படிப் பார்த்தானோ, அப்படியே என்னைப் பார்த்தார் என் வீட்டுக்காரர். வழியெல்லாம் இதற்காகத்தான் கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"பெல்ட்டு பழசுங்ணா, நாளைக்கு மாத்தீருவோம். வாசம் வண்டியோடது இல்லீங்க, அவரு தலையோடது. முடி கொட்டுதுன்னு தெனமும் தேய்க்கறாருங்க. காலைல பானட்டுக்குள்ள தலைய உட்டுப் பாத்தாரு, ஒட்டீருச்சு."

அவ்வளவுதான், சொந்தமெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டது. மடியில் பையன் இருந்ததால் அவரால் எழுந்து ஓடவும் முடியவில்லை. அண்ணனின் தலையைப் பிடித்துக் குனிய வைத்து அமுதவல்லி எல்லாருக்கும் காட்டினாள். ஒருத்தர் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். இன்னொருத்தர் மொட்டையே போட்டுவிடச் சொன்னார். அந்தக் கூச்சலில் ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். வேடிக்கை பார்த்த பையன் அழ மறந்துபோனான். வழுக்கையைக் கையால் தடவிப் பார்த்தான். கையைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, எண்ணெயே இல்ல" என்றான்.

தீனதயாளன் அண்ணன் மெதுவாகத் திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தார்.