ஞானப்பூவின் சாட்சி

செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், றொசல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் லயத்து வீடுகளுக்குத் திரும்பாமல் நேரே சபை மண்டபத்துக்கு ஏறுவார்கள். குழாயடியில் கால் கழுவி, அட்டை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துவிட்டு, மலையில் நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் துடைத்துத் தரையில் விரிப்பார்கள். அதன் மேல் ஒரு பழைய கம்பளி. கொழும்பில் இந்தப் பயிற்சிக்கென்று தனிப் பாயே விற்கிறார்களாம். இங்கே படங்கு போதும்.

பயிற்சியின் பேர் பிலாட்டீஸ். சொல்லிக் கொடுத்தவள் நிரூபா. யாழ்ப்பாணத்துக்காரி; கொழும்பில் உடற்பயிற்சி மருத்துவம் படித்தவள்; ஹற்றனில் படிப்பிக்கும் கணவனோடு இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள். சபையில் முழங்காலிட்டு எழும்பும்போது பெண்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, போதகர் ஜெயசீலனிடம் மண்டபத்தைக் கேட்டு வாங்கினாள். ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடியும் வகுப்பு. மூச்சை இழுக்கும்போது, "ஆண்டவரே, இந்த உடம்பு நீர் தந்தது" என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். விடும்போது, "உமக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். அவசரம் கூடாது.

அவசரம் கூடாது என்றால் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு எப்படிப் புரியும்? முதல் நாளே போட்டி தொடங்கிவிட்டது. டீச்சர் ஒன்று சொல்வதற்குள் ஞானப்பூ மூன்று செய்து முடித்திருப்பாள்.

ஞானப்பூவுக்கு நாற்பத்தாறு வயது. மேல்மலையில் அவளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர் இல்லை. தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதை எட்டினால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். இருபத்தெட்டு வருஷத்தில் ஞானப்பூ அரைப்பேர் வாங்கியதே இல்லை. அவளைக் காட்டித்தான் கந்தப்பன் கங்காணி மற்றப் பெண்களை ஏசுவார்.

"அக்காமாரே, திரும்பவும் கேக்கிறன்," என்றாள் நிரூபா ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல. "ஆருக்கும் எங்கயாவது நோகுதோ? கழுத்து, நாரி, முழங்கால்? பிரசர் இருக்கோ? சொன்னால்தான் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தித் தருவன்."

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அழகம்மா மட்டும் கையைத் தூக்கினாள். அவளுக்கு இடுப்பில், டீச்சர் நாரி என்று சொல்லும் இடத்தில், வலி. போன மாதமே சொல்லியிருந்தாள். மல்லாந்து படுத்து இரண்டு காலையும் தூக்கும் பயிற்சியில் அவள் ஒரு காலை மட்டும் தூக்கினால் போதும், மற்றக் கால் மடித்தபடி தரையில் இருக்கட்டும் என்று நிரூபா மாற்றிக் கொடுத்தாள். முழங்கால் வீக்கம் கண்ணுக்கே தெரிந்த ஒருத்தியைக் கதிரையில் உட்கார வைத்தாள். தலையைத் தூக்கும் இடத்தில், "கழுத்து நோகிறவை தூக்கக் கூடாது. தலை கம்பளியிலயே கிடக்கட்டும். இது குறைஞ்ச பயிற்சி எண்டு நினைக்காதேங்கோ," என்றாள்.

"பாத்தியா புள்ள, அழகம்மாக்காவுக்கு இங்கயும் அரைப்பேருதான்!" என்றாள் ஞானப்பூ. மண்டபம் சிரித்தது. அழகம்மாவும் சிரித்தாள், ஆனால் தூக்கிய காலைச் சட்டென்று இறக்கிவிட்டாள்.

அந்தச் சிரிப்பின் மறுபக்கம் ஒருவருக்கும் தெரியாது. ஆறு மாதமாக ஞானப்பூவின் வலது கையில் இரண்டு விரல் மரத்துக் கிடந்தன. கூடைக் கயிறு தலையில் அழுத்த அழுத்தக் கழுத்திலிருந்து தோள் வரை நெருப்பாய் எரிந்தது. தேத்தண்ணிக் கோப்பை இரண்டு கைநழுவி உடைந்தபோது பழியைப் பூனைமேல் போட்டாள். வலி என்று ஒரு தரம் வாயைத் திறந்தால் லேசான வேலைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு "ஞானப்பூ முடிஞ்சு போச்சு" என்று மலை முழுக்கப் பேச்சாகிவிடும். அவள் பயந்தது அந்தப் பேச்சுக்குத்தான்.

"தலையையும் தோளையும் தூக்கி, மூச்சைப் பிடிக்காமல்..." என்று நிரூபா சொல்லி முடிக்கவில்லை. ஞானப்பூ விசுக்கென்று தலையைத் தூக்கினாள். கழுத்துக்குள் ஏதோ கொளுவிக்கொண்டது. கண் இருட்டியது. தலையை இறக்கவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.

"என்ன ஞானப்பூ, கூரையில என்னா பாக்குற?" என்றாள் பக்கத்தில் படுத்திருந்தவள்.

"ஓட்டை எண்ணுறேன்டி," என்றாள். சொல்லும்போதே கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது.

நிரூபா ஓடிவந்து தலைக்கடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்ல இறக்கினாள். "முந்தியே நோ இருந்ததோ அக்கா?"

"இல்லீங்க டீச்சர். இப்பத்தான்."

அந்த ஒரு பொய் போதுமாயிருந்தது. சத்தம் கேட்டு வந்த போதகர் நாலு பெண்கள் ஞானப்பூவைத் தாங்கிப் போவதைப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். "நல்லா இருந்த புள்ளைக்கே இப்பிடின்னா, இது நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது டீச்சர். ஞாயித்துக்கிழமை சபையில சொல்லி நிப்பாட்டிருவோம்," என்றார். நல்லாயிருந்த ஒருத்தியைத் தன் பயிற்சிதான் கெடுத்துவிட்டது என்று நிரூபாவும் நம்பினாள்.

இரண்டு நாள் ஞானப்பூ படுத்துக் கிடந்தாள். கணவன் சவரிமுத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். "ஓடியாடி வேல செஞ்சவள அந்த டீச்சரு படுக்க வச்சிட்டாளே," என்று ஒத்தடத்துக்கு ஒரு தரம் திட்டினான். ஞானப்பூ கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அழகம்மா ரொட்டியும் சம்பலும் கொண்டு வந்தாள். கோபமாக வருவாள் என்று ஞானப்பூ எதிர்பார்த்தாள். அழகம்மா அருகில் உட்கார்ந்து கழுத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

"எட்டு வருசமா இடது பக்கம் சாஞ்சு படுத்ததில்ல நானு," என்றாள் பேச்சோடு பேச்சாக. "இந்த ஒரு மாசமாத்தான் படுக்கிறேன். ஒத்தக் கால தூக்கித்தான். அரைப்பேருன்னாலும் தூக்கம் முழுசா வருது புள்ள. ஞாயித்துக்கிழமையோட அதுவும் போச்சு. என்னா செய்யிறது?"

ஞானப்பூ கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். எழும்புகிறவர்கள் எல்லாரும் நோய் தீர்ந்த கதையைத்தான் சொல்வார்கள். தீராத கதையை அங்கே ஒருவரும் சொன்னதில்லை. ஞானப்பூ தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிக்கொண்டு எழுந்து நின்றாள். கர்த்தர் சுகம் தந்தார் என்று சொல்லப் போகிறாள் என்று எல்லாரும் கைதட்டத் தயாரானார்கள்.

"எனக்குச் சொகமாகல," என்றாள் ஞானப்பூ.

தட்டப் போன கைகள் அந்தரத்தில் நின்றன.

"ஆறு மாசமா வெரல் மரத்துப் போயிருக்கு. கழுத்து எரியுது. டீச்சரு ஒவ்வொரு வாரமும் கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். தலைய தூக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அரைப்பேருன்னு கேலி பண்ணிட்டு நாந்தான் தூக்குனேன். தப்பு எம்மேல. வகுப்ப நிப்பாட்டாதீங்க பாஸ்டர். அழகம்மாக்கா தூங்கணும்." பிறகு பூனை நினைவுக்கு வந்ததோ என்னவோ, கணவனைப் பார்த்தாள். "கோப்பைய ஒடச்சதும் நாந்தான். பூனை இல்ல."

சவரிமுத்து வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! நான் அந்தப் பூனைய வெரட்டிவிட்டேனே!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது; போதகரே வேதப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்குமுன்னே பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "எனக்கும் முழங்கால் வீங்குதுங்க." இன்னொன்று: "எனக்கு ரெண்டு வருசமா பிரசர். மாத்திரைய அரிசிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்." "எனக்குத் தோளு." "எனக்கு ஆப்பரேசன் பண்ண எடம்." ஒருத்தி முடிக்குமுன் மற்றவள் எழுந்தாள். கலியாண வீட்டில் சீர்வரிசை சொல்வதுபோல் வலிகளை அடுக்கினார்கள். நிரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பிழை என்னிலயும் இருக்கு," என்றாள் அவள். "எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேட்டன். இனி ஒவ்வொருத்தரையும் தனிய இருத்திக் கேப்பன். ஞானப்பூ அக்கா முதல்ல டொக்டரிட்டப் போகவேணும். அவர் ஓமெண்டால்தான் படங்கை விரிக்கலாம்."

போதகர் வேதப் புத்தகத்தைப் பிரசங்க மேடையில் வைத்தார். "பொறுத்துக்கிறதுதான் விசுவாசம்னு இந்த எடத்துல நின்னு நானும் எத்தனையோ தரம் பேசியிருக்கேன். வலிய மறைங்கன்னு ஆண்டவர் எங்கயும் சொல்லல. அது நாமளாச் சேத்துக்கிட்டது. வகுப்பு நடக்கும்," என்றார்.

அப்போது எழுந்த கைதட்டல் கீழே றொசல்லை ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை அரச ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தில் நரம்பு அழுத்துகிறது என்றார். நல்ல நேரத்தில் வந்தாய், இன்னும் விட்டிருந்தால் கையே விளங்காமல் போயிருக்கும் என்றும் சொன்னார். ஆறு வாரம் தலையில் பாரம் தூக்கக் கூடாது என்று கடிதம் தந்தார். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், எல்லாருக்கும் முன்னால், ஞானப்பூ கந்தப்பன் கங்காணியிடம் போய் நின்றாள்.

"நீயா?" என்றார் அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "ஒனக்கா வலி?"

"எனக்குத்தாங்க. கழுத்துல."

அவர் ஏசுவார் என்று பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி அவளை நர்சரியில் கன்று நடும் வேலைக்குப் போகச் சொன்னார். அவள் திரும்பியதும் பின்னாலேயே இரண்டு எட்டு வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: "ஏம்மா ஞானப்பூ... அந்த டீச்சரு ஆம்பளைங்களையும் பாப்பாங்களா? ராத்திரியில இந்த இடுப்பு என்னைப் படுக்க விடமாட்டேங்குது. யாருக்கும் சொல்லிடாத."

ஞானப்பூவுக்கு வந்த சிரிப்பில் கழுத்து இழுத்தது. கையால் தாங்கிக்கொண்டே பெரட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இத ஏங்க காதுல சொல்றீங்க கங்காணி? சத்தமாச் சொல்லுங்க! வலின்னு சொல்றவங்க சோம்பேறியும் இல்ல, கோழையும் இல்ல. நாம வெக்கப்பட்டு மறைக்கிற வலிதான் நம்மள மொடமாக்குது. வலிக்குதுன்னா வாயத் தொறந்து சொல்லணும். சொல்றவங்கள யாரும் எளக்காரமா பாக்கக் கூடாது. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதான், சாயந்தரமே வாங்க. வரும்போது படங்கு ஒண்ணு கொண்டாந்துருங்க."