நாலில் இரண்டு

டொக்டர் அம்மா ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து அழுத்தியபடி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இரண்டு என்றதும் சீதேவிப்பிள்ளைக்கு மனசு துள்ளியது. பதின்மூன்று வருஷமாக ஒன்றுக்கே வழியில்லாமல் கிடந்தவளுக்கு இரட்டைப்பிள்ளை என்றால் சும்மாவா? மூன்று என்றபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு டொக்டர் எண்ணவில்லை. கருவியைத் திருப்பினார், சரித்தார், தாதி றமீஸாவைக் கூப்பிட்டார். "இஞ்ச ஒருக்கா பாருங்க. நான் பாக்கிறது சரியா?" ஏறாவூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் றமீஸா பேச ஆரம்பித்தால் பஸ்ஸே நின்று கேட்கும். அவளுக்கே வாய் அடைத்துப்போயிற்று. திரையில் விரலை வைத்து வைத்துப் போனவள், கடைசி இடத்தில் விரலை எடுக்காமல் நின்றாள்.

"நாலு, டொக்டர்."

"ஓம். நாலுக்கும் துடிப்பு இரிக்கு."

சீதேவிப்பிள்ளைக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது அதுவல்ல. களவெடுத்தவளைக் கையும் மெய்யுமாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது. நாலு எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"குளிசை எல்லாம் நான் சொன்ன மாதிரித்தானே போட்டீங்க?" டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். சொன்ன மாதிரித்தான்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், அந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மறுபடி கூரையைப் பார்த்தாள்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. கிழக்கே ஆமி, மேற்கே இயக்கம், நடுவில் தண்ணீர். வெல்லாவெளியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு டொக்டரிடம் வரவேண்டுமென்றால் துறையில் ஓடம் ஏறி, ஆமி சோதனை போடும் சென்றியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். போவது பெரிய காரியமில்லை. திரும்புவதுதான் காரியம். பற்றரி கொண்டுபோகக் கூடாது, சீமெந்து கூடாது, மருந்து அறவே கூடாது. டொக்டரின் மருந்துத் துண்டு இருந்தாலும், பார்க்கிறவனின் அன்றைய மனசைப் பொறுத்துத்தான். அதனால்தான் டொக்டர் அம்மா இரண்டு மாதத்துக்கான குளிசைகளை ஒன்றாகக் கொடுத்தார். பத்துப் பத்தாக இரண்டு காகித உறை. மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு, நாளொன்றுக்கு இரண்டு. முதல் மாதம் சரிவராவிட்டால் மட்டும் இரண்டாவது உறையைப் பிரிக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் கட்டாயம் ஸ்கேனுக்கு வரவேண்டும். முட்டை அதிகமாக விளைந்திருந்தால் அந்த மாதம் புருஷனும் பெண்சாதியும் விலகிப் படுக்க வேண்டும். இதை டொக்டர் இரண்டு தடவை சொல்லி, றமீஸாவும் ஒரு தடவை சொன்னாள்.

சீதேவிப்பிள்ளை உறைகளைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒரு கிழவரின் நெஞ்சுவலிக் குளிசையைப் பெட்டியில் போட்டார்கள். கிழவர் கெஞ்சவுமில்லை, கோபிக்கவுமில்லை. வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். கொண்டையை யாரும் தொடவில்லை. அவள் தப்பினாள். ஆனால் கண்டது மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்குத் தப்பியது நாளைக்கு வீட்டில் இருக்கும் என்று என்ன உத்தரவாதம்? சுற்றிவளைப்பு வரலாம். ஷெல் விழுந்து ஓடவேண்டி வரலாம். படுவான்கரைச் சனங்கள் அந்த வருஷங்களில் ஒரு பாடம் படித்திருந்தார்கள்: இடம்பெயர வேண்டுமென்று தெரிந்தால் கோழியை அன்றைக்கே அறுத்துத் தின்பது, விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவது. நாளைக்கென்று வைத்தது நமக்கில்லை. அந்தப் புத்திதான் அவளுக்கும் வந்தது. இரண்டு உறையையும் பிரித்து, நாளொன்றுக்கு நாலாக, ஐந்து நாளில் இருபது குளிசையையும் விழுங்கித் தீர்த்தாள். விழுங்கியது வயிற்றுக்குள் போய்விட்டால் எவனும் பறிக்க முடியாதல்லவா?

பன்னிரண்டாம் நாள் ஓடம் ஓடவில்லை. கரையில் சண்டை. ஒன்பது நாள் துறை மூடிக் கிடந்தது. ஸ்கேனுக்குப் போக வழியில்லை. ஆனால் பிள்ளை தரிக்கும் நாள் இதுதான் என்று டொக்டர் சொன்ன நாள் மட்டும் வந்து நின்றது. அதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், கணக்கும் அறியாது.

ஆசைக்குக் காரணமும் இருந்தது. அந்தப் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழியாகத்தான் இறங்கும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். கோணாமலையும் அப்படி வந்தவன்தான். சீதேவிப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி கிடையாது. அவளோடு அந்த வளவில் விளக்கு நின்றுபோகும் என்று கோயிலில் குடிப்பெயர் சொல்லி அழைக்கிற ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தியின் கண் அவள் வயிற்றுக்குப் போய்வரும்.

றமீஸா வெளியே போய்க் கோணாமலையைக் கூப்பிட்டாள். அவன் குடையும் பையுமாக வாங்குப் பலகையில் இருந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். நாலு என்றதும் அவன் முதலில் டொக்டரைப் பார்த்தான், பிறகு பெண்சாதியைப் பார்த்தான், பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். "கண்ணகை அம்மன்ட செயல், டொக்டர். போன வைகாசிக் குளுத்திச் சடங்கில நான் நேந்தனான்."

டொக்டர் சிரிக்கவில்லை. "இரிங்க" என்றார். அவன் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

பிறகு டொக்டர் பேசினார். நிறுத்தி நிறுத்தி, வயலில் தண்ணீர் திறந்துவிடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. சீதேவிப்பிள்ளை நாலு அடி எட்டு அங்குலம், முப்பத்தாறு வயது, பிரஷர் இப்போதே ஏறி நிற்கிறது. நாலும் வளர்ந்தால் ஏழாம் மாதம் வரைக்கும்கூட வயிறு தாங்காது. அதற்கு முன் பிறக்கும் பிள்ளைகள் கைப்பிடிக்குள் அடங்கும், மூச்செடுக்கத் தெரியாது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டி இந்தப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ, கரண்ட் நின்றால் அதுவும் இல்லை. தாய்க்கு வலிப்பு வரலாம். இரத்தம் போகலாம். அந்த நேரம் துறை மூடியிருந்தால்?

"நாலையும் வெச்சிருந்தா நாலும் இல்லாமப் போகலாம். இவங்களும் இல்லாமப் போகலாம். ரெண்டக் குறைச்சா மற்ற ரெண்டையும் தாயையும் காப்பாத்த ஏலும்."

"குறைக்கிற எண்டா?" கோணாமலை கேட்டான்.

கொழும்பில் ஒரு டொக்டர் இருக்கிறார். தாயின் உயிருக்கு ஆபத்தென்று இரண்டு பேர் எழுதிக் கொடுத்தால் அவர் செய்வார். வயிற்றுக்கு மேலால் ஒரு ஊசி. நெஞ்சுத் துடிப்பு நிற்கும். வெளியே எடுப்பதில்லை; மற்றவைகளுக்குப் பக்கத்தில் அப்படியே சுருங்கிப்போகும். இப்போது ஒன்பது கிழமை. பன்னிரண்டுக்கிடையில் போக வேண்டும். மூன்று கிழமைதான் இருக்கிறது.

கோணாமலை கொஞ்ச நேரத்துக்கு முன் தலைக்கு மேல் தூக்கிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"அது கொல்ற வேல இல்லியா டொக்டர்?"

"நான் அதுக்கு வேற பேர் வெச்சிச் சொல்ல மாட்டன்" என்றார் டொக்டர். கடிதம் எழுதக் காகிதத்தை எடுத்தவர், எழுதாமல் பேனையைக் கீழே வைத்தார். "எனக்கும் லேசில்ல. நான் தந்த குளிசையாலதானே இது. ஸ்கேன் நாள் வரைக்கும் உங்கள அங்கால அனுப்பியிருக்கப்படாது. பாதை மூடும் எண்டு தெரிஞ்சிகொண்டுதான் ரெண்டு மாசத்துக் குளிசையத் தந்தன்."

தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் சீதேவிப்பிள்ளைக்கு அடக்க முடியவில்லை.

"நீங்க இல்ல டொக்டர். நான் இருவதையும் போட்டுட்டன்."

"என்ன?"

"ரெண்டு பேக்கட்டையும். அஞ்சி நாளைல."

றமீஸா, "அல்லாஹ்வே" என்று சுவரில் சாய்ந்தாள்.

"என்னத்துக்குப் பிள்ள?" டொக்டர் கேட்டார்.

"வெச்சிருந்தாப் பறிச்சிருவானுகள் எண்டு."

டொக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோணாமலை அவளைத் திரும்பிப் பார்த்தான். பதின்மூன்று வருஷத்தில் அவளைப் பார்க்காத ஒரு பார்வை. அம்மனிடமிருந்து அவன் வாங்கியதை இவள் அவன் கையிலிருந்து பறித்துக்கொண்டாள் என்கிற மாதிரி.

கடிதத்தை உறையிலிட்டுக் கொடுக்கும்போது சீதேவிப்பிள்ளை கேட்டாள்: "எந்த ரெண்டு, டொக்டர்?"

"ம்?"

"எந்த ரெண்ட எடுக்கிற? ஆர் தெரிஞ்செடுக்கிற?"

டொக்டர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. "ஊசிக்குக் கிட்ட இரிக்கிறதத்தான்."

அந்தச் சொல் அவளுக்குள் இறங்கிய இடம் அவளுக்கே தெரிந்தது. நல்லது கெட்டது, ஆண் பெண், பெலத்தது மெலிந்தது எதுவும் இல்லை. கிட்ட இருந்தால் போதும். ஷெல்லும் அப்படித்தானே விழுகிறது என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பஸ்ஸில் கோணாமலை ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தான். "எனக்காவது சொல்லியிருக்கலாம்" என்றான். செட்டிபாளையம் தாண்டும்போது சொன்னான். பிறகு இறங்கும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தாள். ஒருக்கால் அந்தக் கைகள் தாமாகவே வயிற்றுக்கு ஏறின. உடனே கீழே இறக்கினாள். எந்தப் பக்கத்தைத் தொடுவது என்று தெரியவில்லை.

துறையில் பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடைசிக்கு முந்திய ஓடம். சென்றியில் பை பார்த்தார்கள், விட்டார்கள். ஓடத்தில் முப்பது பேருக்கு மேல். நடுவில் மீன்கூடையோடு ஆச்சிப்பிள்ளை இருந்தாள். வெல்லாவெளி முழுவதற்கும் மீன் கொண்டுவருகிறவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய்க்கு வேலி இல்லாதவள் என்று ஊரில் பெயர். கோணாமலை ஏறியதுமே பிடித்துக்கொண்டாள்.

"என்ன மச்சான், முகம் பேயறைஞ்ச மாதிரி இரிக்கு? டொக்டர் என்னவாம்?"

அவன் பேசாமல் போயிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குக் கேட்ட அத்தனையிலும் அவனால் சுமந்துகொண்டு வர முடிந்தது ஒரு சொல்லைத்தான். அது தானாக வெளியே விழுந்தது.

"நாலாம்."

"என்ன நாலு?"

"வயித்தில."

ஓடத்தில் ஒரே இரைச்சல். யாரோ கைதட்டினார்கள். யாரோ குரவையிட்டாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். எந்த வளவிலும் ஆள் குறைந்துகொண்டே போன காலம். கூடுகிற செய்தியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "குடுக்கிற தெய்வம் கூரையப் பிச்சிக்கொண்டு குடுக்குமாம்" என்று ஆச்சிப்பிள்ளை கூவினாள். பெண்கள் நகர்ந்து நகர்ந்து வந்து சீதேவிப்பிள்ளையின் தலையைத் தொட்டார்கள், நெற்றியில் விரல் முறித்தார்கள். கோணாமலை எல்லோருக்கும் முதுகைக் காட்டித் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஒரு கிழவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஆச்சிப்பிள்ளை கூடையைத் தள்ளிவிட்டுச் சீதேவிப்பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். மீன்வாடைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவள் வயிற்றில் வைத்தாள்.

"நாலையும் எப்படிகா பால் குடுத்து வளப்பாய்? ரெண்ட நீ வெச்சிக்க. ரெண்ட எனக்குத் தந்திரு."

ஓடம் சிரித்தது. சீதேவிப்பிள்ளையின் வாயும் சிரிக்கத்தான் திறந்தது, சத்தம் வரவில்லை. ஆச்சிப்பிள்ளைக்கு இரண்டு மகன்கள். மூத்தவனை வயல்வட்டையில் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தபோது ஷெல் எடுத்தது. இளையவனை ஐந்து வருஷத்துக்கு முன் விசாரணைக்கென்று ஏற்றிப்போனார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை. இது ஓடத்தில் எல்லோருக்கும் தெரியும். சிரித்தவர்கள் அதை நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

ஓடம் கரையில் இடித்தது. ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சைக்கிள் இறங்கியது. எழுவான்கரைக்குப் போகக் காத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்தால் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஆச்சிப்பிள்ளை எழும்பவில்லை. கையும் வயிற்றிலிருந்து எழும்பவில்லை. சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. யாருக்கும் கேட்காத குரலில் மறுபடி சொன்னாள்:

"பகிடிக்குச் சொல்லல்ல புள்ள. எந்த ரெண்டெண்டாலும் சரி."

ஏறுகிறவர்கள் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓடக்காரன், இறங்குகிறவர்கள் இறங்குங்கள் என்று சத்தம் போட்டான். கோணாமலை கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். சீதேவிப்பிள்ளையின் மடியில் இருந்த கடித உறை ஆச்சிப்பிள்ளையின் ஈரம் காயாத கைபட்டு நனைந்துகொண்டிருந்தது. அந்தக் கை கொஞ்சம் நகர்ந்து, நாலில் எது கிட்ட இருக்கிறது என்று தேடுகிறதுபோல, விரல்களை விரித்தது.