சிங்கம் எங்கே பார்க்கிறது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பல் மருத்துவரின் வரவேற்பறையில், வீங்கிய கன்னத்தோடு காத்திருந்தபோது கிடைத்தது. எதிர்ச்சுவரில் சிங்கத்தின் மேல் அமர்ந்த அம்மன் ஓவியம். சிங்கத்தின் முகத்தை மட்டும் மீன்தொட்டி மறைத்திருந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதி என் கைச்சரக்கு.

2

'அந்தி மயங்கும் வேளையில் ஓவியர் தன் தூரிகையை...' வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

அந்த ஓவியர் வீட்டில் அம்மனை வரைவது கணவர். வாகனத்தை வரைவது மனைவி. (வாகனம் லேசுப்பட்ட வேலையில்லை. அம்மன் நேரே நம்மைப் பார்த்தால் போதும். சிங்கமோ அன்னமோ ஆந்தையோ, அவளைச் சுமக்கவும் வேண்டும், அண்ணாந்து அவளைப் பார்க்கவும் வேண்டும். கழுத்து வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.)

படம் வரையச் சொல்லியிருந்த பல் மருத்துவர் பாதியில் பார்க்க வந்தார். "முழுக்க நீங்களேவா?"

"எல்லாம் நம்ம கைதான்" என்றார் ஓவியர்.

தேநீரோடு வந்த மனைவியின் காதில் அது விழுந்தது.

3

மறுநாள் அம்மன் தயார். ஒரு காலை மடித்து, வெறும் காற்றில் அமர்ந்திருந்தாள்.

"ஏம்மா, சிங்கம் வரலையே. சாயங்காலம் டாக்டர் வந்துடுவாரு."

"எல்லாம் உங்க கைதானே. வரைஞ்சுக்கங்க."

"ஏதோ வாய் தவறி வந்துடுச்சு."

"ஒவ்வொரு தடவையும் தவறாம வருதே."

"அம்மன் அந்தரத்துல இருக்கா."

"பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரிதான் இருக்கு. நடந்து வரச் சொல்லுங்க."

அவரே வரைந்து பார்த்தார். (இவரை ரொம்பவும் அசடாக்குகிறேனோ? மனைவியின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பது உண்மைதான்.)

"என்ன இது?"

"சிங்கம்."

"அதுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிடரி வந்தது, பாதம் வந்தது, அம்மனுக்கு உட்கார இடம் வந்தது.

"கண்ணு?"

"டாக்டர் வரட்டும். அவர் முன்னாடி யார் வரைஞ்சதுன்னு சொல்லுங்க. சொன்னா மேல பாக்கும். சொல்லலைன்னா வாசலைப் பாக்கும். நானும்தான்."

4

முடிவு ஒன்று: சொல்லிவிட்டார். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: மருத்துவர் வந்தார். ஓவியர் தொண்டையைச் செருமினார். "இந்தச் சிங்கம் வந்துங்க..."

அதற்கு மேல் எழுத வரவில்லை. மனிதர் எத்தனையோ வருஷமாகச் சொல்லாதவர். என் பேனாவுக்கா பயப்படுவார்? அவள் கையில் கறுப்பு தொட்ட தூரிகை காய்ந்துகொண்டிருக்கிறது.

எனக்குப் பல் பிடுங்கியாயிற்று. மறுபடி அந்தப் பக்கம் போகத் தைரியமில்லை. உங்களுக்கு வலித்தால் போங்கள். உள்ளே கூப்பிடுவதற்குள், மீன்தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.