ஆட்டிப் பார்த்த இரும்பு

ஜனவரியில் யாரும் மண்ணைத் தோண்டமாட்டார்கள். கீழ்வயலில் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டதால் யோரிஸ் தோண்டினான். உறைந்த மேல்மண்ணைத் தாண்டியதும் மண்வெட்டி இரும்பில் பட்டது.

இரும்பு புதிதல்ல. முதல் உலகப் போர் முடிந்து அறுபது வருடம் ஆகியும் அந்தப் பக்கத்து வயல்கள் உருளைக்கிழங்கோடு குண்டுகளையும் விளைவித்தன. எடுத்து மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னால், ராணுவ வண்டி வந்து அள்ளிப்போகும். ஆனால் இதற்குக் குண்டுகளுக்கு இருக்கும் கூர்முனை இல்லை. இடுப்பில் செம்பு வளையம் இல்லை. இரண்டு பக்கமும் தட்டையாக, பால் கேன் போல உருண்டு, துருவேறிக் கிடந்தது.

தூக்கிக் காதோரம் ஆட்டினான். அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். உள்ளே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டால் விஷவாயுக் குண்டு; கசிந்தால் பூண்டு நாறும். வைத்துவிட்டுக் காற்றுக்கு எதிர்முகமாக நடந்துவிட வேண்டும். சத்தம் இல்லை. இன்னொரு முறை ஆட்டினான். கல் மாதிரி இருந்தது.

பக்கத்து வயல்காரன் அஷீல் வேலியோரம் வந்து நின்றான்.

"என்னடா, புதையலா?"

"குண்டு இல்ல. என்னன்னு தெரியல."

அஷீல் குனிந்து பார்த்தான். "டேய், இது பழைய மாதா கோயில் மணிக்கூண்டுக் கடிகாரத்துல தொங்கின எடைடா. சண்டையில கோயிலே தூளாப் போச்சே, எடை மட்டும் எங்க போகும்?"

"ஒரு கிலோமீட்டர் பறந்து என் வயலுக்கா வந்துச்சு?"

"உன் மாமனார் வீட்டுக் கூரை அதவிடத் தூரம் பறந்துச்சாம்."

இருவரும் அதை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வாசற்படியில் யோரிஸின் மனைவி லுட்கார்ட் நின்றாள்.

"இரும்பு உள்ள வராது."

கல்யாணமான அன்று அவள் போட்ட விதி. அவள் அண்ணன் ரெமி ஒரு குண்டைக் கம்பத்தடிக்குத் தூக்கிப்போனான். திரும்பி வந்து கண்ணைக் கசக்கினான். அன்றோடு அவனுக்கு வெளிச்சம் போயிற்று.

"கடிகார எடை, லுட்கார்ட். ஆட்டிப் பாத்துட்டேன்."

"என் காதுக்கு ஆட்டு."

ஆட்டினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மறுபடியும் ஆட்டச் சொன்னாள். பிறகு வழிவிட்டாள்.

"அடுப்போரமா வை. ஈரம் காயட்டும்."

அஷீல் காப்பி குடித்தான். "ஞாயித்துக்கிழமை சாமியார்கிட்ட காட்டலாம். இந்தத் துருவோட கொண்டுபோனா என் மானம் போயிடும், லுட்கார்ட்."

"உனக்கு மானம் வேற இருக்கா?" என்றாள். கோயிலுக்குப் போகிற பொருள் என்றதும் அவளுக்கும் அது பிடித்துப்போயிருந்தது. கம்பி பிரஷ்ஷைத் தேடி எடுத்தாள். அஷீல் வீட்டுக்குப் போனான். யோரிஸ் மாடுகளுக்குத் தீவனம் போடப் போனான்.

அவன் திரும்பியபோது சமையலறை சூடாக இருந்தது. அவள் அடுப்பருகே அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, வா. அடியில என்னமோ எழுத்து இருக்கு. சாமியாருக்கு முன்னாடி நாமளே படிச்சிடலாம்."

அவனுக்குக் காட்டுவதற்காக அதைத் தலைகீழாகத் திருப்பினாள்.

உள்ளே ஏதோ புரண்டது.

பாட்டிலைக் கவிழ்க்கும்போது வருமே, அந்தச் சத்தம். அவள் கை நின்றது.

மேஜைமேல் பன்றிக்கொழுப்புக் கிண்ணம் இருந்தது. காலையில் குளிரில் உறைந்துபோய் அதில் கத்தி இறங்கவில்லை. திட்டிக்கொண்டே ரொட்டியில் தேய்த்திருந்தான். இப்போது அது ஓரங்களில் உருகி நின்றது. யோரிஸ் அதையே பார்த்தான். ஊரில் ஆட்டிப் பார்த்ததெல்லாம் உழவிலும் அறுவடையிலும். உறைபனியில் யாரும் ஆட்டிப் பார்த்ததில்லை.

"கீழ வை. மெதுவா."

வைத்தாள்.

"பூண்டு உரிச்சியா?"

"இல்ல. அஷீல் கோட்டு நாத்தம்னு நெனச்சேன்."

தேய்த்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அதிலிருந்து பழுப்பாக, எண்ணெய்போல ஒரு துளி எட்டிப்பார்த்தது. அவளுடைய ஏப்ரனில் முழங்காலுக்கு மேலே அதே நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது.

"எந்திரி. ஒண்ணையும் தொடாத. கண்ணத் தொடாத."

முற்றத்துக்குப் போனதும் ஏப்ரனையும் பாவாடையையும் கழற்றி எறியச் சொன்னான். வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினான். அஷீல் எட்டிப் பார்த்தான். எதுவும் கேட்காமல் டெலிபோனுக்கு ஓடினான். யோரிஸ் பம்பை அடித்தான். ஐஸ் தண்ணீரில் அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், நிறுத்தினாள், மறுபடி தேய்த்தாள்.

"எனக்கு எங்கயும் எரியல, யோரிஸ்."

"நல்லது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ரெமிக்கும் சாயங்காலம் வரைக்கும் எரியல."

அவன் பம்பை அடித்துக்கொண்டே இருந்தான். அவள் கைகளை நீட்டிப் பிடித்திருந்தாள். வெள்ளையாக, சுத்தமாக, ஒன்றும் ஆகாத கைகளாக இருந்தன. சூரியன் இன்னும் மின்கம்பத்துக்கு மேலேதான் நின்றது.